புரண்ட தகடு

அத்தியாயம் 11

மூத்த மகள் சலோமா வீட்டுக்கு வந்திருக்கிற செய்தி, அவள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் சபைக்காரர்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. தேவையும் இல்லை. பக்கத்துப் பண்ணையில் எட்னா இருக்கிறாள்.

சலோமா சபைக்குப் புறம்பாக்கப்பட்டவள். ஞானஸ்நானம் எடுத்து, சபைக்கு முன் மண்டியிட்டு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஓர் இங்கிலீஷ்காரனோடு நகரத்துக்குப் போய்விட்டாள். குதிரைவண்டி இல்லாத எவனும் எங்களுக்கு இங்கிலீஷ்காரன்தான். இவன் பால் லாரி ஓட்டினவன். இப்போது அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாள். என் மனைவி மலிண்டாவை அடக்கம் செய்த அன்று வந்தாள், கடைசி வரிசையில் நின்றாள், சாப்பிடாமல் போனாள்.

இந்த முறை சின்னவள் ஐவா கூப்பிட்டதால் வந்திருக்கிறாள். போர்வையின் ஓரத்தைத் தைக்க. அப்படித்தான் சொன்னார்கள். போர்வைக்காக ஒருத்தி அவ்வளவு தூரம் வருவாளா? நான் கேட்கவில்லை. கேட்டால் நிஜத்தைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது.

போர்வை ஐவாவின் கல்யாணத்துக்கு. மே மாதம் டீக்கன் மகன் ஆட்லிக்கும் அவளுக்கும் கல்யாணம். மலிண்டா நடுப்பகுதி முழுவதையும் தைத்து முடித்திருந்தாள். ஓரத்தில் ஒரு மூலை மட்டும் தைத்தாள். அதற்குமேல் அவளுக்கு ஆயுள் இல்லை. நான்கு பலகையையும் இடுக்கி போட்டு இறுக்கிய சட்டம், போர்வையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முன்அறையில் அப்படியே நின்றது. பனிக்காலம் முழுக்க நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கப் போனேன். இடுப்பில் இடித்தால்கூட வலி தெரியவில்லை.

இன்றைக்குத் தையலுக்கு வருகிறவள் ஃபேனி. சபையில் யார் விதி மீறினாலும் பிஷப்பிடம் கொண்டுபோகிற டீக்கனின் மனைவி. ஐவாவின் வருங்கால மாமியார்.

*

"அப்பா, அக்கா சட்டத்துல உக்காரலாமா?" என்று காலையிலேயே ஐவா கேட்டாள். பாத்திரம் துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே.

"சபை என்ன சொல்லுது?"

"ஒரே மேஜையில சாப்பிடக் கூடாது. அவ கையிலேர்ந்து எதையும் வாங்கக் கூடாது. அவ்வளவுதான். சட்டம் மேஜையாப்பா? அதுல யாரு சாப்பிடுறாங்க?"

"ஃபேனிகிட்ட கேளு."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. கேக்காம இருந்தா ஒருவேளை..." அவள் துணியை இன்னும் முறுக்கினாள். "அம்மா மாதிரி ஓரத் தையலை மூலையில திருப்ப அக்காவுக்கு மட்டும்தான்பா வரும். எனக்கு வராது. எட்னாவுக்கு வாய் மட்டும்தான் வரும்."

சலோமா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் உடுப்பைத்தான் போட்டிருந்தாள், தலையையும் மூடியிருந்தாள். பழைய நீல உடுப்பு தோளில் இறுக்கமாக இருந்தது.

"என்னால கல்யாணம் நின்னுடக் கூடாது, ஐவா," என்றாள். "நான் மாடியில இருக்கேன்."

"நீ மாடியில இருந்தா அது இன்னும் மோசம். ஒளிச்சு வெச்சிருக்கோம்னு சொல்லுவாங்க."

அது சரிதான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. மலிண்டா போன பிறகு யாராவது ஏதாவது கேட்டால், கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதைப் போல இருக்கிறது. சத்தம் வருவதில்லை.

"உக்காருங்க," என்றேன். "ஊசிக்கு நூல் நான் கோக்கிறேன்."

*

எட்னாதான் முதலில் வந்தாள். சேறு ஒட்டின காலணியை வாசலில் உதறிக்கொண்டே, "அடேயப்பா, சலோமா! நகரத்துல ரொட்டி நல்லாத்தான் விக்குது போல. கன்னம் வந்துடுச்சே," என்றாள்.

"விக்காததை எல்லாம் நான்தானே சாப்பிடுறேன்," என்றாள் சலோமா.

எட்னா கடகடவென்று சிரித்தாள். பிறகு யாருடன் சிரிக்கிறோம் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் கொஞ்ச நேரம்கூட மூடியிருக்கவில்லை.

பிறகு ஃபேனி வந்தாள். அவள் மேலங்கியைக் கழற்றினாள், மடித்தாள், நாற்காலியில் வைத்தாள். அடுப்புப் பக்கமாகச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த சலோமாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலை வணக்கம், யோஸ்ட்."

"காலை வணக்கம், ஃபேனி. குதிரை நொண்டுதே, லாடம் பாத்தியா?"

"பாக்கச் சொல்லணும்." அவள் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம், சலோமாவுக்கு நேர் எதிரே, உட்கார்ந்தாள். அவளுக்கும் சலோமாவுக்கும் நடுவே போர்வையின் முழு அகலம். "பெரிய போர்வைதான்," என்றாள். அவ்வளவுதான்.

ஐவா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஃபேனி போகச் சொல்லவில்லை. அது இரக்கமா, வீட்டில் போய்ச் சொல்வதற்குச் சரக்கு சேர்க்கிறாளா? டீக்கன் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

*

ஓரத்துக்கு வடக்கயிறு மாதிரி ஒரு முறுக்கு. அதற்கு ஓர் அச்சுத்தகடு. கூரைக்குப் போட்டதில் மிஞ்சின தகரத்தில் நான்தான் மலிண்டாவுக்கு வெட்டிக் கொடுத்தேன். தகட்டைத் துணிமேல் வைத்து, வெட்டின கோட்டுக்குள் பென்சிலை ஓட்டினால் கயிறு துணியில் விழும். கொஞ்ச தூரம் வரைந்து, அதைத் தைத்து, மறுபடி தகட்டை நகர்த்தி வரைய வேண்டும். இருப்பது ஒரே தகடு. இந்தப் பக்கம் வரைந்து தைக்கும்போது அது அந்தப் பக்கம் போகும். அங்கே வரைந்து முடிந்ததும் இங்கே வரும்.

மற்ற வீடுகளில் கைக்குக் கை கொடுப்பார்கள். இங்கே முடியாது.

சலோமா தன் பக்கம் வரைந்து முடித்தாள். தகட்டைப் போர்வையின் நடுவே தள்ளி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். எடுத்த கையை மடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் ஃபேனி கையை நீட்டினாள். விரல்நுனியைத் தகட்டின் விளிம்புக்குக் கீழே கொடுத்து, கல்லில் அடையைப் புரட்டுவதைப் போல ஒரு புரட்டு புரட்டித் தன் பக்கம் இழுத்தாள்.

நான் பார்த்தேன். பார்த்து, அடுத்த ஊசியில் நூலைக் கோத்தேன்.

காலை முழுக்க இப்படித்தான் போயிற்று. தள்ளுவது, கையை எடுப்பது, காத்திருப்பது, இழுப்பது. ஊசி துணிக்குள் இறங்கிக் கீழே விரலைத் தொட்டு மேலே வரும் சத்தம் மட்டும். எட்னா மாத்திரம் தன் மருமகளின் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அவ செய்யிற ரொட்டியைக் கதவு சாத்தாம இருக்க முட்டா வெக்கலாம். என் வீட்டுக்காரர் பல்லை எடுத்துப் பையில வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிட உக்காருறார், உடைஞ்சிடுமேன்னு."

"உன் தையலைப் பாரு, எட்னா," என்றாள் ஃபேனி. "உன் கால் கட்டைவிரல் மாட்டிக்கிற அளவுக்கு இருக்கு."

"கல்யாணப் பொண்ணு ராத்திரி விரலை மாட்டி ஞாபகம் வெச்சுக்கட்டும், எட்னா வந்து தைச்சான்னு."

ஐவா சிரித்தாள். சலோமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஃபேனியின் உதடும் ஒரு பக்கம் போய் வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலிண்டாவின் நாற்காலியில் எட்னா உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியாகத்தான் இருந்தது.

*

மத்தியானம் நூடுல்ஸும் உருளைக்கிழங்கு மசியலும் கோழியும். பெரிய மேஜையில் நாங்கள் நான்கு பேர். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, அதில் வேறு துணி விரித்து, சலோமா தனியாக. இரண்டு மேஜைக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியை ஐவா காலையில் விட்டாள், பிறகு சின்னதாக்கினாள், பிறகு மறுபடி பெரிதாக்கினாள். நான் பார்த்தேன்.

தலைகுனிந்து மௌனமாக ஜெபம் செய்தோம். சலோமாவும் அங்கே தலைகுனிந்தாள். நிமிர வேண்டிய நேரத்தை எப்போதும் மலிண்டாதான் என் செருப்பை மிதித்துச் சொல்வாள். இன்று யாரும் மிதிக்கவில்லை. நான் ரொம்ப நேரம் குனிந்தே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. எட்னா இருமினாள்.

"மசியல்ல உப்பு சரியா இருக்காப்பா?" என்று சலோமா அங்கிருந்தே கேட்டாள். அவள்தான் சமைத்தாள்.

"இருக்கு," என்றேன். எனக்கு உப்பும் தெரியவில்லை, மசியலும் தெரியவில்லை.

*

தப்பு தெரிந்தது சாப்பாட்டுக்குப் பிறகு.

சலோமா தன் பக்கத்தை முடித்துக் கீழ்மூலையைத் திருப்பிவிட்டாள். மலிண்டா திருப்பின மாதிரியே, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாமல், கயிறு வளைந்து போயிற்று. அங்கிருந்து ஐவா கீழ் ஓரத்தை வரைந்துகொண்டே ஃபேனியின் மூலைக்கு வந்தாள். வந்து நின்றாள்.

"என்னடி, பென்சில் உடைஞ்சிடுச்சா?" என்றாள் எட்னா.

 எட்னா எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ! கயிறு எதிரும் புதிருமா முறுக்கிக்கிட்டு நிக்குதே. இது வலப்பக்கம் சாயுது, அது இடப்பக்கம் சாயுது. மூலையில ரெண்டும் சேராதே!" தலைமாட்டில் மலிண்டா தைத்த மூலைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள். "மலிண்டாவோட கயிறு வலப்பக்கம்தான் சாயுது. அப்போ தப்பு..."

சொல்ல வந்ததை எட்னா முழுங்கினாள். வாழ்க்கையிலேயே அவள் ஒரு பேச்சை முழுங்கி நான் பார்த்தது அப்போதுதான். தப்பு ஃபேனியின் பக்கம். காலையிலிருந்து தைத்த அவ்வளவும்.

ஃபேனி தன் தையல்மேல் கையை வைத்துக்கொண்டாள். காது சிவந்துவிட்டது.

"தகடு எப்படி வந்துச்சோ அப்படித்தான் நான் வரைஞ்சேன்," என்றாள். "நடுவுல வெச்ச கை எந்தக் கை? வெச்சவங்க பாத்து வெச்சிருக்கணும். வேண்டாத இடத்துல மனசை வெச்சிருந்தா கை எப்படி நேரா இருக்கும்?"

யாரைச் சொல்கிறாள் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஐவா ஃபேனியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கல்யாணம் இருந்தது, வேறு எதுவும் இல்லை.

"அக்காதான் கவனிக்காம வெச்சிருப்பா," என்றாள் மெதுவாக. "பரவாயில்ல ஃபேனி. நானே பிரிச்சிடுறேன்."

சலோமா தங்கையைப் பார்த்தாள். அப்புறம் மடியில் கிடந்த தன் கைகளை.

"ஆமா," என்றாள். "நான்தான் தப்பா வெச்சிருப்பேன்."

அதோடு முடிந்திருக்கும். ஃபேனிக்கு மானம் மிஞ்சும், ஐவாவுக்குக் கல்யாணம் மிஞ்சும். சலோமா ஏற்கெனவே புறம்பானவள். அவள் தலையில் இன்னொரு கூடையை ஏற்றினால் யாருக்கும் கனக்காது. நான் ஊசியைக் கோத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் போதும்.

பேசாமல்தான் இருந்தேன். நூல் ஊசிக் காதுக்குள் போகவில்லை. மறுபடி முயன்றேன். போகவில்லை.

"அவ சரியாத்தான் வெச்சா," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன். அவ நேராத்தான் தள்ளினா. எடுக்கும்போது நீதான் புரட்டினே, ஃபேனி. தகட்டோட அடிப்பக்கம் மேல பாத்துக்கிட்டு வந்துச்சு. நீ அப்படியே வரைஞ்சே."

"யோஸ்ட்!" என்றாள் எட்னா.

"அப்பா," என்றாள் ஐவா. அது கெஞ்சல்.

ஃபேனி என்னைப் பார்க்கவில்லை. சலோமாவைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக நேராக.

"திரும்ப உன்கிட்ட வரும்போது தகடு தலைகீழாத்தானே வந்திருக்கும்? உனக்குத் தெரியாமயா போச்சு? ஏன் சொல்லல?"

"தெரியும்," என்றாள் சலோமா. "ஒவ்வொரு தடவையும் நான் திருப்பித்தான் வெச்சுக்கிட்டேன். அங்க எப்படி விழுதுன்னு இங்கேர்ந்து தெரியல. நீங்க வேணும்னுதான் புரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"வேணும்னா? எதுக்கு?"

"நான் தொட்ட பக்கத்தைத் தொட வேண்டாம்னு."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஃபேனி தன் தையலைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

பிறகு அவள் கத்தரிக்கோலை எடுத்து, தன் தையலின் முதல் முடிச்சை வெட்டினாள்.

*

நான்கு பேரும் சேர்ந்துதான் பிரித்தார்கள். பிரித்த நூல் துண்டுகளை எட்னா ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். சுருள் சுருளாக, சவரம் செய்த தாடி மயிர் மாதிரி. பென்சில் கோடுகளை ஐவா ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்தாள். முழுக்கப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் எப்போதும் தெரியும்.

மறுபடி வரைய வேண்டும். தகடு சலோமாவின் பக்கம் இருந்தது.

அவள் அதை எடுத்தாள். நடுவே வைக்கப் போனாள். வைக்காமல் நின்றாள். நடுவே வைத்தால் மறுபடி புரளும். புரண்டால் மறுபடி யார் வைத்தது என்று வரும். தகட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், கையும் பொருளுமாக மாட்டின திருடன் மாதிரி நின்றாள்.

ஃபேனி கையை நீட்டவில்லை. நீட்ட முடியாது. அவள் மடியிலிருந்த விரல்கள் மட்டும் ஒரு தடவை அசைந்தன.

நான் எழுந்தேன். யோசித்து எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். முட்டி சத்தம் போட்டது. சட்டத்தின் முனையில், இரண்டு பக்கத்துக்கும் நடுவே போய் நின்றேன். சலோமாவிடம் கையை நீட்டினேன்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"குடு," என்றேன்.

"அப்பா, வேண்டாம்."

"புரளாம இருக்கணும்னா வேற வழி இல்ல. குடு."

அவள் கையிலிருந்து வாங்கினேன். தகரம் அவள் பிடித்திருந்த இடத்தில் சூடாக இருந்தது. என் விரலுக்கு அது தெரிந்தது. மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி அதை அப்படியே கொண்டுபோய் ஃபேனியின் கையில் கொடுத்தேன். என்னிடமிருந்து அவள் வாங்கலாம். அதற்குத் தடை இல்லை.

ஃபேனி வாங்கினாள். தகட்டைத் துணியில் பதித்தாள். பென்சிலை ஓட்டினாள்.   கோடு நேராக வந்தது, வலப்பக்கம் சாய்ந்து.

எட்னா ஜன்னலுக்கு வெளியே கோழிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வெளிச்சம் குறையும் வரை தகடு இப்படியே போய் வந்தது. அவளிடமிருந்து நான், என்னிடமிருந்து இவள். இவளிடமிருந்து நான், என்னிடமிருந்து அவள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை செய்தாலும் சபைக்கு முன் மண்டியிட்டுத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதற்குமேல் எண்ணி என்ன?

*

குதிரையைப் பூட்டிக் கொடுக்க நான்தான் ஃபேனியோடு வெளியே போனேன். எட்னா வயல் வழியாக நடந்தே போய்விட்டாள், வழக்கத்தைவிட வேகமாக.

ஃபேனி வண்டியில் ஏறி, போர்வையை முட்டியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ராத்திரி அவர் கேப்பார்," என்றாள். "எப்படிப் போச்சுன்னு."

"சொல்லு."

"எதைச் சொல்ல? நான் புரட்டினதையா, நீங்க வாங்கினதையா?"

"நடந்ததைச் சொல்லு."

"ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணையும் சொல்லணும், யோஸ்ட்." அவள் லகானைக் கையில் சுற்றினாள். "நீங்க மண்டியிட்டா பரவாயில்லையா? கல்யாணத்துக்கு முன்னாடி? பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மலிண்டா இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டா."

"இருந்திருந்தா நீ இங்க வந்து தைக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது."

 மிரட்டினாளா, வழி காட்டினாளா, இரண்டும் இல்லாமல் சும்மா கேட்டாளா, எனக்குப் புரியவில்லை. ஃபேனியை அவள் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நான் பார்க்கிறேன். இன்றுவரை அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்ததில்லை. குதிரையின் முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். லாடம் ஆடியது.

"மெதுவா ஓட்டு," என்றேன்.

வண்டி சேற்றில் இறங்கிப் போயிற்று. எங்கள் வழி முடிகிற இடத்தில் சாலை. வலப்பக்கம் திரும்பினால் டீக்கன் வீடு. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி சாலைக்கு முன் நின்றது. ஒரு பால் லாரி போகட்டும் என்று நின்றதா, வேறு எதற்காவது நின்றதா தெரியாது. லாரி போன பிறகும் நின்றது.

பிறகு இடப்பக்கம் திரும்பியது.

இடப்பக்கம் பிஷப் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை.

உள்ளே வந்தேன். ஐவா விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். தீக்குச்சி விரலைச் சுடும் வரை கையில் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் திரும்பினாங்கப்பா?" என்றாள்.

பொய் சொல்லலாம். நாளைக் காலை வரை தாங்கும்.

"இடப்பக்கம்."

குச்சி அணைந்தது. அவள் இன்னொன்றைக் கிழிக்கவில்லை. அரை இருட்டில் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை. என் மகள் அல்லவா.

சலோமா சட்டத்தை விட்டு எழுந்துவிட்டாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.

"நகரத்துக்கு இன்னும் கடைசி பஸ் இருக்கு," என்றாள். "அவங்க வரும்போது நான் இங்க இல்லாம இருந்தா நல்லதுப்பா. ஐவாவுக்கு."

ஐவா சுவரைவிட்டு நகரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான் விளக்கைக் கொளுத்தினேன். வெளிச்சம் போர்வைமேல் விழுந்தது. ஃபேனியின் பக்கம் பாதிதான் ஆகியிருந்தது. அழித்த கோடும் புதுக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"பிஷப் சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவார்," என்றேன். "அதுக்குள்ள அந்த மூலையைத் திருப்பிடலாம். உக்காரு."

சலோமா உட்காரவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

"ஐவா," என்றேன், "நூல்கண்டு உன் பக்கம் இருக்கு. உங்க அக்காகிட்ட குடு."

அவள் நூல்கண்டைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்றாள்.